கடைக்குக் கட்டுப்பாடு வந்தால் மனுவை எங்கே கொடுப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி சிறு வணிகர்களுக்கு ஓர் ஒப்பீடு

கொரோனா காலத்தில், 2022 ஜனவரியில் 9, 16, 23 ஆகிய மூன்று ஞாயிறுகளிலும் தமிழ்நாடு முழுவதும் முழு ஊரடங்கு. தருமபுரி கடைவீதியில் மளிகைக் கடை வைத்திருப்பவருக்கு அதன் பிறகும் வாரத்தில் ஆறு நாள் வியாபாரம் இருந்தது. போச்சம்பள்ளி ஞாயிற்றுச் சந்தையில் மட்டுமே கடை விரிக்கும் கருவாட்டுக்காரருக்கும் பாத்திரக்காரருக்கும் அந்த மாதத்தின் ஐந்து சந்தைகளில் மூன்று போய்விட்டன. விதி எல்லோருக்கும் ஒன்று, அடி ஒன்றல்ல. இப்படி ஒரு தொழிலுக்கு மட்டும் கூடுதலாக விழும் அடியை அரசிடம் எடுத்துச் சொல்லத்தான் மனு. ஆனால் அதை எந்த வாசலில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஐந்து நாளில் விடை கிடைக்கலாம், கட்டுப்பாடே முடிந்த பிறகும் கிடைக்கலாம்.

நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறோம்: மாவட்ட ஆட்சியர், முதல்வரின் தனிப்பிரிவு, சங்கத்தின் வழியாகத் தலைமைச் செயலகம், உயர் நீதிமன்றம். 2020 முதல் 2022 வரை நடந்தவற்றை வைத்தே பேசுகிறோம். அடுத்த தொற்று வந்தாலும் சட்டங்கள் பெரும்பாலும் இவைதான்.

முதலில் உத்தரவில் யார் கையெழுத்து என்று பாருங்கள்

கொரோனா காலத்து உத்தரவுகள் மூன்று அடுக்கில் வந்தன. மேலே மத்திய உள்துறை அமைச்சகம், 2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ். அந்த வழிகாட்டுதலை மாநிலம் இறுக்கலாம், தளர்த்தக் கூடாது. நடுவில் தமிழ்நாடு அரசின் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அரசாணைகள். எந்தக் கடை, எத்தனை மணி வரை, எத்தனை சதவீத வாடிக்கையாளர் என்பதெல்லாம் இங்கேதான் முடிவானது. கீழே மாவட்ட ஆட்சியரின் உத்தரவுகள். அதே சட்டத்தின் 25 ஆவது பிரிவுப்படி மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் தலைவர் அவர்தான்.

இதை அறியாமல் எழுதும் மனுதான் அதிகம் வீணாகிறது. அரசாணை மாலை 5 மணிக்கு மூடச் சொன்னால், 7 மணி வரை திறக்க ஆட்சியரால் அனுமதிக்க முடியாது. அவரிடம் போய் மன்றாடுவது அவரையும் சங்கடப்படுத்தும், உங்கள் ஒரு வாரத்தையும் தின்னும். மறுபக்கம், காய்கறி மார்க்கெட்டை எந்த மைதானத்துக்கு மாற்றுவது, கட்டுப்பாட்டுப் பகுதியின் தடுப்பு எந்தத் தெருவோடு முடிவது, ஒகேனக்கல்லில் சுற்றுலாப் பயணிகளை எப்போது விடுவது போன்றவை மாவட்ட அளவில் முடிவாகும் விஷயங்கள். பரிசல் ஓட்டியும் மீன் வறுவல் கடைக்காரரும் இதற்காகச் சென்னைக்கு எழுதினால், அந்தக் காகிதம் சுற்றிச் சுற்றிக் கடைசியில் தருமபுரி ஆட்சியர் மேசைக்கே திரும்பி வரும்.

இன்னொரு கணக்கு நாட்களைப் பற்றியது. 2021 மே 10 அன்று தொடங்கிய முழு ஊரடங்கு மே 24 வரை என்றார்கள். அந்த மே 24 அன்றே தளர்வில்லா ஊரடங்காக மே 31 வரை இறுகியது. பிறகு ஜூன் 7, ஜூன் 14, ஜூன் 21 என வாரம் வாரமாக நீண்டது. அப்போது ஓர் உத்தரவின் ஆயுள் 7 நாள், மிஞ்சினால் 14 நாள். மனுக்களுக்கான விதி என்ன சொல்கிறது? பணியாளர் மற்றும் நிர்வாகச் சீர்திருத்தத் துறையின் 21.9.2015 தேதியிட்ட 99 ஆம் எண் அரசாணைப்படி 3 நாளில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் முடிவு. ஒரு மாதம் என்பது மற்ற மனுக்களுக்கு நியாயமான கெடு. ஊரடங்கு மனுவுக்கு அது நான்கு உத்தரவுகளின் ஆயுள். ஆகவே நடப்பு உத்தரவை எதிர்த்து எழுதாமல், அடுத்த உத்தரவில் சேர்க்க வேண்டிய ஒரு வரியைக் கேட்டு எழுதுங்கள். நீட்டிப்பதா, தளர்த்துவதா என்று முடிவெடுப்பதற்கு முன் முதலமைச்சர் ஆட்சியர்களுடனும் மருத்துவ நிபுணர் குழுவுடனும் ஆலோசனை நடத்துவது அந்த நாட்களின் வழக்கம். நடப்பு உத்தரவு முடிய ஐந்து நாள் இருக்கும்போதே மனு ஆட்சியர் கையில் இருந்தால்தான் அந்தக் கூட்டத்தில் பேச்சுக்கு வரும்.

வழி ஒன்று: மாவட்ட ஆட்சியர்

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் எல்லோருக்கும் தெரிந்தது. தொற்றுக் காலத்தில் அதுவே நிறுத்தப்பட்டு, வாசலில் பெட்டி வைத்து மனு வாங்கும் நிலை வந்தது. பெட்டியில் போடுவது கடைசி வழியாக இருக்கட்டும். பெட்டி மனுவுக்குக் கையோடு ஒப்புகை கிடைக்காது. ஒப்புகை இல்லாவிட்டால் பிறகு நீதிமன்றம் போனாலும் மனு கொடுத்ததை நிரூபிக்க முடியாது. தபால் பிரிவில் இரண்டு பிரதிகளாகக் கொடுத்து, உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். உள்ளே போகவே முடியாத நாட்களில் போய்ச் சேர்ந்ததற்கான சான்றுடன் விரைவுத் தபாலும் (ஸ்பீட் போஸ்ட்), அதே நாளில் மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

நகல்களை யாருக்கு அனுப்புவது என்பதில் பலர் கோட்டை விடுகிறார்கள். ஆட்சியர் தனியாக முடிவெடுப்பதில்லை. சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் வேண்டாம் என்றால் கோப்பு அங்கேயே நிற்கும். காவல் கண்காணிப்பாளர் கூட்டத்தைச் சமாளிக்க முடியாது என்றாலும் அதே கதிதான். ஆகவே இந்த இருவருக்கும், உள்ளாட்சியின் பொறுப்பு அதிகாரிக்கும் (நகராட்சி அல்லது மாநகராட்சி ஆணையர், பேரூராட்சி செயல் அலுவலர், ஊராட்சி என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர்) நகல் போகட்டும். கலெக்டர் ஆபீசில் பேரிடர் மேலாண்மைக்கென்று தனி வட்டாட்சியர் உண்டு. கோப்பு எங்கே நிற்கிறது என்று அவரிடம் கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ஓசூர், தேன்கனிக்கோட்டை பக்கத்தவர்கள் ஓசூர் சார் ஆட்சியரிடமும், அரூர், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்தவர்கள் அரூர் கோட்டாட்சியரிடமும் ஒரு பிரதி கொடுப்பது நல்லது. கள விசாரணை என்று வந்தால் அவர்கள் வழியாகத்தான் வரும்.

எங்கள் கருத்தில் முதலில் தட்ட வேண்டிய கதவு இதுதான். சாதகமான பதில் வரும் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. பெரும்பாலான கோரிக்கைகளை ஆட்சியரின் அதிகாரத்துக்குள் அடங்கும்படி மாற்றி எழுத முடியும். ஞாயிற்றுச் சந்தையையே எடுத்துக்கொள்ளுங்கள். 'ஞாயிறு ஊரடங்கிலிருந்து சந்தைக்கு விலக்கு வேண்டும்' என்று எழுதினால் அது அரசின் கொள்கை முடிவை மாற்றச் சொல்வது, ஆட்சியரால் ஆகாது. 'ஊரடங்கு உள்ள வாரங்களில் மட்டும் சந்தையைச் சனிக்கிழமை நடத்த அனுமதி வேண்டும்' என்று எழுதினால், அரசாணை சந்தைகளையே தடை செய்யாத வரை, உள்ளாட்சியும் மாவட்ட நிர்வாகமும் பேசி முடிக்கக்கூடிய விஷயம். சுற்றுவட்டாரத்தில் சனிக்கிழமை வேறு சந்தை நடக்கிறதா என்பதை மனு எழுதும் முன்பே விசாரித்துவிடுங்கள். இரண்டு சந்தை ஒரே நாளில் மோதினால் காவல்துறை ஒத்துக்கொள்ளாது, வியாபாரிகளும் சிதறிப் போவார்கள்.

சந்தைச் சுங்க ஏலம் எடுத்தவரின் கோரிக்கை வேறு. மூடிய நாட்களுக்கு ஏலத் தொகையில் கழிவு வேண்டும் என்பது ஒப்பந்தம் சம்பந்தப்பட்டது. ஏலம் விட்ட உள்ளாட்சிக்கு, ஏல நிபந்தனையின் பத்தியைக் குறிப்பிட்டுத் தனி மனுவாக எழுத வேண்டும். கடைக்காரர்களின் மனுவோடு இதைக் கலந்தால் இரண்டும் கெடும்.

வழி இரண்டு: முதல்வரின் தனிப்பிரிவும் 1100 எண்ணும்

1100 என்பது முதலமைச்சரின் உதவி மையத் தொலைபேசி எண். தனிப்பிரிவும் அதுவும் 2021-ல் 'முதல்வரின் முகவரி' என்ற துறையில் இணைக்கப்பட்டன. மனுவை வீட்டிலிருந்தே கொடுக்கலாம், செலவில்லை, மனு எண் உடனே கையில் வரும். ஊரடங்கில் இது பெரிய வசதி. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு பயன்படுத்துங்கள். மனு துறைக்குப் போகும், துறையிலிருந்து மாவட்டத்துக்கு, மாவட்டத்திலிருந்து வட்டாட்சியருக்கு. அரசாணையை மாற்றக் கேட்கும் மனு வட்டாட்சியரிடம் வந்தால் அவர் என்ன எழுத முடியும்? 'அரசின் கொள்கை முடிவு சார்ந்தது என்பதால் ஏற்க இயலாது' என்று எழுதி முடித்துவிடுவார். அவர் மேல் குற்றமில்லை, கேள்வி அவருக்கானதே அல்ல.

அதனால் கொள்கையை மாற்ற இந்த வழி பலவீனம். ஆனால் அதிகாரிகள் அரசாணையை மீறி நடக்கும்போது இதுதான் பலமான வழி. அரசாணை மாலை 5 மணி வரை அனுமதிக்கிறது, உள்ளூரில் மதியம் 2 மணிக்கே ஷட்டரை இறக்கச் சொல்கிறார்கள் என்றால், அரசாணையின் பத்தி எண், நாள், நேரம், எந்த அலுவலகத்திலிருந்து வந்தார்கள் என்ற விவரங்களோடு 1100-ல் பதியுங்கள். அது கீழே இறங்கி வரும்போது கேள்வியாக இறங்கும். விளக்கம் சொல்ல வேண்டியது மாவட்ட நிர்வாகம்.

கடை வாசலில் நின்று வாக்குவாதம் செய்வதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் கடையைக் கூடுதல் நேரம் திறந்திருந்ததாகச் சொல்லித்தான் ஜெயராஜைப் போலீசார் அழைத்துச் சென்றார்கள், தேடிப் போன அவர் மகன் பென்னிக்ஸும் காவலில் வைக்கப்பட்டார். இருவரும் உயிரோடு திரும்பவில்லை. வியாபாரம் ஒரு மணி நேரம் போனாலும் போகட்டும், ஷட்டரை இறக்கிவிட்டு எழுத்தில் கேளுங்கள்.

வழி மூன்று: சங்கம் வழியாகத் தலைமைச் செயலகம்

அரசாணையில் ஒரு வரி மாற வேண்டும் என்றால் நடைமுறையில் பலன் தருவது இதுதான். 2020 மே மாதத்தில் முடிதிருத்தும் கடைகளுக்கு நடந்ததைப் பாருங்கள். முதலில் மே 19 முதல் ஊரகப் பகுதிகளில் அனுமதி. பிறகு மே 24 முதல் சென்னை மாநகரக் காவல் எல்லை தவிர்த்த நகரப் பகுதிகளிலும் அனுமதி. 2021 ஜூன் 14 அன்று 27 மாவட்டங்களில் சலூன்கள் காலை 6 முதல் மாலை 5 வரை திறந்தன, குளிர்சாதனம் இல்லாமல், 50 சதவீத வாடிக்கையாளர்களோடு. அதே நாளில் தேநீர்க் கடைகளுக்குப் பார்சல் மட்டும், வாங்க வருபவர் பாத்திரம் கொண்டு வர வேண்டும் என்ற நிபந்தனையோடு. தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அந்த 27-ல் இருந்தன. சேலம், ஈரோடு, நாமக்கல் உள்ளிட்ட 11 மாவட்டங்களில் இந்தக் கடைகள் மூடியே கிடந்தன.

இதிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. அரசு ஒரு தொழிலை முழுதாகத் திறந்துவிடுவதில்லை. இடம், நேரம், ஆள் எண்ணிக்கை, பார்சலா உட்கார்ந்து சாப்பிடுவதா, ஏசியா மின்விசிறியா என்று துண்டு துண்டாகத்தான் திறக்கிறது. 'எங்கள் வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டுள்ளது' என்று இரண்டு பக்கம் எழுதும் சங்கத்தைவிட, நிபந்தனையைத் தானே எழுதிக் கொடுக்கும் சங்கத்துக்கே மதிப்பு. அரசாணை எழுதும் அதிகாரிக்கு வேலை பாதி முடிந்துவிடும்.

மாவட்டப் பிரிவைத் தருமபுரியிலிருந்து தனியாகச் சென்னைக்கு அனுப்புவதைவிட, தமிழ்நாடு வணிகர் சங்கங்களின் பேரமைப்பு போன்ற மாநில அமைப்பின் கோரிக்கைப் பட்டியலில் உங்கள் ஒரு வரியைச் சேர்ப்பது எளிது. ஓசூர்த் தொழிற்கூடங்களுக்கு ஹோஸ்டியா (ஓசூர் சிறு, குறுந்தொழில்கள் சங்கம்) இருக்கிறது. உற்பத்தி சார்ந்த கோரிக்கை என்றால் மாவட்டத் தொழில் மையத்தின் பொது மேலாளர் பரிந்துரையும் சேரட்டும். இதில் உள்ள ஆபத்து என்ன? மாநில அமைப்பின் பட்டியலில் பெரிய நகரங்களின் குரல் ஓங்கும், உங்கள் வரி பதினேழாவதாகப் போகும். அதைத் தடுக்க, கோரிக்கை உங்கள் மாவட்டத்துக்கு மட்டும் பொருந்தும் தனிக் காரணத்தோடு இருக்க வேண்டும். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை அதற்கு நல்ல உதாரணம். அறுவடை ஏப்ரலில் தொடங்கி ஜூலைக்குள் முடிந்துவிடும். கூழுக்குப் போகும் பெங்களூரா ரக மாங்காய் பழுத்தால் நாள் கணக்கில் அழுகும். 50 சதவீத ஆட்களோடு ஆலையை ஓட்டினால் ஆலைக்காரர் நட்டம் பாதி, மாந்தோப்புக்காரர் நட்டம் முழுசு. இந்தப் பருவக் கணக்கைச் சொன்னால் வேளாண்மைத் துறையும் உங்கள் பக்கம் பேசும்.

சட்டமன்ற உறுப்பினரின் கடிதம் இந்த வழிக்குத் துணை, தனி வழி ஆகாது. சட்டமன்றத்தின் மனுக்கள் குழு மெதுவாக நகரும். சாலை, பாலம் கேட்க நல்லது, பதினான்கு நாள் உத்தரவுக்கு உதவாது. கையெழுத்து இயக்கத்தில் ஆயிரம் பெயர் சேர்ப்பதைவிட, நாற்பது கடைகளின் உரிம எண்ணோடு ஒரு பட்டியல் வலுவானது. தடை அமலில் இருக்கும்போது ஆர்ப்பாட்டம் நடத்தினால் கூடியதற்கே வழக்கு வரும், அதன்பின் பேச்சு கோரிக்கையை விட்டு வழக்கைச் சுற்றியே போகும்.

ஓசூர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அங்கே கர்நாடகத்தின் உத்தரவு. பெங்களூரு மார்க்கெட்டுக்குப் பூவும் காய்கறியும் அனுப்புவதில் அந்தப் பக்கம் தடை என்றால் தமிழ்நாடு அரசாணையைத் திருத்தி ஒன்றும் ஆகாது. அந்த மனுவில் 'எங்கள் மாவட்ட நிர்வாகம் பெங்களூரு மாவட்ட நிர்வாகத்தோடு பேசி வாகன அனுமதியை ஒழுங்கு செய்ய வேண்டும்' என்றுதான் கேட்க முடியும்.

வழி நான்கு: உயர் நீதிமன்றம்

ஓசூரிலோ தருமபுரியிலோ உள்ள உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 71 ஆவது பிரிவுப்படி, அச்சட்டத்தின் கீழ் எடுத்த நடவடிக்கைகளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் தவிர வேறு நீதிமன்றம் விசாரிக்க முடியாது. நம் இரு மாவட்டங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தின் முதன்மை அமர்வைச் சேர்ந்தவை, மதுரைக் கிளையைச் சேர்ந்தவை அல்ல. அரசியலமைப்பின் 226 ஆவது உறுப்பின் கீழ் நீதிப்பேராணை (ரிட்) மனு போட வேண்டும். வக்கீல் ஏற்பாடு, ஆவணம் தயாரிப்பு, தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஒரு கடை தனியாகத் தாங்கும் செலவல்ல.

இதில் கிடைப்பது என்ன என்பதையும் முன்பே எடை போடுங்கள். தொழில் செய்யும் உரிமையைத் தருவது அரசியலமைப்பின் 19(1)(ஜி). அதன் மேல் நியாயமான கட்டுப்பாடு விதிக்க 19(6) இடம் தருகிறது. தொற்றுக் காலத்தில் எதைத் திறப்பது என்பதை நிர்வாகத்தின் முடிவுக்கு விடும் போக்கே நீதிமன்றங்களில் அதிகம். பெரும்பாலும் கிடைக்கும் உத்தரவு 'மனுதாரரின் கோரிக்கையைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும்' என்பது. அதற்குள் கட்டுப்பாடே மாறியிருக்கும். அதற்கும் ஏற்கெனவே மனு கொடுத்த முத்திரைப் பிரதி வேண்டும். வழி ஒன்றில் ஒப்புகையை அவ்வளவு வற்புறுத்தியது இதற்குத்தான்.

நீதிமன்றம் பலன் தருவது வேறு வகையில். ஒரே தன்மையுள்ள இரண்டு கடைகளில் ஒன்றுக்கு அனுமதி, மற்றொன்றுக்கு மறுப்பு என்றால் சமத்துவ உரிமை தரும் 14 ஆவது உறுப்பு பேசும். கட்டணம், தொகை சம்பந்தப்பட்ட கேள்விகளும் அங்கே எடுபடும். உயர் அழுத்த மின் இணைப்புள்ள ஆலைகளிடம் ஊரடங்குக் காலத்துக்கு உச்சத் தேவைக் கட்டணத்தில் (பயன்படுத்திய யூனிட்டுக்கு அல்லாமல், ஒதுக்கிய மின் அளவுக்காகக் கட்டுவது) 20 சதவீதம்தான் வாங்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்ட்டில் சொன்னது அப்படி வந்ததுதான். 'கடையைத் திறக்க விடுங்கள்' என்று போவதைவிட 'மூடியிருந்த காலத்துக்கு இந்தத் தொகையை எப்படி வாங்கலாம்' என்று போவது உறுதியான பாதை. அதையும் சங்கமாகப் போங்கள். வங்கிக் கடன் தவணை இதில் சேராது. 2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணை ஒத்திவைப்பு தந்தது ரிசர்வ் வங்கி. மாநில அரசு மனுவில் அதைக் கேட்பது இடம் வீண்.

மனுவுக்குள் என்ன இருக்க வேண்டும்

ஒரு பக்கம் போதும். ஒரே கோரிக்கை. தேநீர்க் கடைகளுக்காக எழுதினால் இப்படி இருக்கலாம்:

'பொருள்: பேரிடர் மேலாண்மை – ஊரடங்குத் தளர்வு – தேநீர்க் கடைகளில் பார்சல் விற்பனை நேரத்தைக் காலை 5 மணி முதல் தொடங்க அனுமதி கோருதல் – தொடர்பாக. பார்வை: வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அரசாணை எண், நாள், பத்தி எண்.'

பார்வை வரி இல்லாத மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்றே தெரியாமல் நிற்கும். அடுத்த பத்தியில் காரணம், உணர்ச்சியில்லாமல்: பால் வண்டியும் காய்கறி லாரியும் காலை 4 முதல் 6 வரை வருகின்றன, வாடிக்கையாளர்கள் அந்த ஓட்டுநர்களும் சுமைத் தொழிலாளிகளும்தான், 6 மணிக்குத் திறந்தால் அவர்கள் போய்விடுகிறார்கள். அதற்கடுத்து நீங்கள் ஏற்கும் நிபந்தனைகள்: கடை முன் ஆறடிக்கு ஒரு வட்டம், பெஞ்சை உள்ளே எடுத்துவைப்பது, கண்ணாடி டம்ளர் இல்லை, ஒரு நேரத்தில் உள்ளே இரண்டு பேர் வேலை. கடைசியில் இணைப்பு: உள்ளாட்சியின் தொழில் உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, உத்யம் பதிவு (சிறு, குறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருந்தால் அது, சங்கத்தின் பதிவு எண்ணும் தீர்மான நகலும், கடைகளின் பட்டியல். நட்டத்தைச் சொல்வதானால் முந்தைய ஆண்டின் அதே மாத ஜிஎஸ்டி கணக்கையோ பால் பில்லையோ வையுங்கள். வாய்க்கணக்கு எடுபடாது.

உரிமம் காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். சிறு கடைகளின் மனு அடிபட்டுப்போக இதுவே பெரும் காரணம். கள விசாரணைக்கு வருபவர் முதலில் கேட்பது உரிமம். அது இல்லையென்றால் மனு அங்கேயே முடிந்தது, சில நேரம் நோட்டீசும் கூடவே வரும்.

'டாஸ்மாக் திறக்கலாம், நாங்கள் கூடாதா' என்ற வாதத்தைப் பலர் முதல் வரியாக வைப்பார்கள். கோபம் நியாயமானது. ஆனால் அதை மூன்றாவது பத்தியில், தேதியோடு, ஒரே வாக்கியமாக வையுங்கள். முதல் வரியில் வைத்தால் படிப்பவர் இது அரசியல் மனு என்று ஒதுக்கிவிடுவார்.

அபராதமும் சீலும் வழக்கும்

இவற்றுக்கு மேலே சொன்ன வழிகள் பொருந்தாது. 2020 செப்டம்பரில் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டத்தின் கீழ் வந்த அபராத விதிப்படி முகக்கவசம் இல்லாதவருக்கு 200 ரூபாய், நெறிமுறையை மீறிய வணிக நிறுவனத்துக்கு 5,000 ரூபாய் என்று அப்போது இருந்தது. அபராதம் கட்டினால் எந்தச் சட்டம், எந்த மீறல் என்று எழுதிய ரசீது வாங்காமல் விடாதீர்கள். சீல் வைத்தால் வைத்தவரிடமே மனு: ஆணையரிடமோ வட்டாட்சியரிடமோ, அபராத ரசீதும் இனி மீறமாட்டோம் என்ற உறுதிமொழியும் இணைத்து. வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

வழக்குப் பதிந்திருந்தால் பழைய வழக்குகளில் இந்திய தண்டனைச் சட்டத்தின் 188 ஆவது பிரிவு (அரசு ஊழியரின் உத்தரவை மீறுவது) என்றும், 2024 ஜூலை 1-க்குப் பின் பாரதிய நியாய சன்ஹிதாவின் 223 ஆவது பிரிவு என்றும் இருக்கும். இவ்வகை வழக்கை உத்தரவு போட்ட அதிகாரியோ அவருக்கு மேலுள்ளவரோ எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ள முடியும். அந்தப் புகார் இருக்கிறதா என்று வக்கீலை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் பழனிசாமி, வன்முறை, இ-பாஸ் மோசடி, காவலரைத் தடுத்தது போன்றவை நீங்கலாக, ஊரடங்கு மீறல் வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். அதற்குப் பிந்தைய இரண்டாம் அலை வழக்கு உங்கள் பெயரில் இருந்தால் அது தானாக அதில் அடங்கியதாக எண்ண வேண்டாம். பாஸ்போர்ட் விசாரணையிலோ உரிமப் புதுப்பிப்பிலோ தெரியவருவதற்கு முன், வழக்கு எண்ணைக் காவல் நிலையத்தில் வாங்கி, முடிந்துவிட்டது என்றால் அதற்கான நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகலைக் கடை உரிமத்தோடு ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.